சாந்தினி சௌக்கில் வாய்க்கால் தேடியவள்

இந்திராணி டில்லிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் அவளுக்குத் தெரிந்த டில்லி, மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பிலிருந்து பால் பூத் வரை, ரேஷன் கடை வரை, ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கூடுதலாகக் குதுப்மினார் வரை. பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. நடக்கக் காலும் இருந்தது. கொள்ளிடத்து வடகரையில் திருமானூருக்குப் பக்கத்தில் பிறந்தவள், பள்ளிக்கூடத்துக்கே தினம் நாலு மைல் நடந்தவள். கூட்டிக்கொண்டு போக வேண்டிய ஆள்தான் நகரவில்லை.

அந்த ஆள் அவள் புருஷன் பூவராகவன். மத்திய அரசாங்கத்தின் ஒரு மந்திராலயத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். தங்கமான மனுஷர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கோபம்கூட மாதத்துக்கு ஒருமுறைதான். ஆனால் அவருக்கு "தெரியாது" என்று சொல்ல வராது. யார் எதைக் கேட்டாலும் பதில் வந்துவிடும். அது சரியா தப்பா என்பது கேட்டவருடைய ஜாதகத்தைப் பொறுத்தது. ஒருமுறை கரோல் பாக்குக்கு வழி கேட்ட குடும்பத்தை அவரே பஸ் பிடித்து ஏற்றிவிட்டார். அவர்கள் பாலம் விமான நிலையத்தில் போய் இறங்கினார்கள். குடும்பத் தலைவர் மறுநாள் காலை அதே பஸ் ஸ்டாப்பில் வந்து இவருக்காகக் காத்துக்கொண்டு நின்றதில்தான் அந்த விஷயம் வெளியே வந்தது.

பழைய டில்லியைப் பற்றிப் பூவராகவன் மணிக்கணக்காகப் பேசுவார். ஒரு தடவைகூடப் போனதில்லை. ஜேப்படிக்காரர்கள் பயம்.

எண்பத்தாறாம் வருஷம் ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கமாக இந்திராணி அந்த நாளைக் குளியலறையில் கொண்டாடுவாள். குழாயைத் திறந்துவிட்டு, பக்கெட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, காப்பரிசி படைத்து, தாலிக்கயிறு மாற்றிக்கொள்வாள். "இதுவும் யமுனைத் தண்ணிதான்" என்பார் பூவராகவன். போன வருஷம் குடியிருப்புப் பெண்களோடு நிஜ யமுனைக்கே போய்ப் பார்த்தாள். சேற்றில் ஒரு செருப்பு போயிற்று. விளக்கேற்றிக் கும்பிட்டுக் கண்ணைத் திறப்பதற்குள் ஓர் எருமை வந்து எலுமிச்சம் சாதத்தை இலையோடு தின்றுவிட்டது.

இந்த வருஷம் முந்தின வாரமே குழாயில் காற்று மட்டும் வந்தது.

"என்னங்க, இந்தத் தடவ பக்கெட்டுக்குப் படைக்க மாட்டேன். ஓடுற தண்ணி வேணும்" என்றாள்.

"யமுனைக்குப் போயிட்டு வாயேன்."

"எருமைக்குச் சோறு போட நான் ஏன் அவ்வளவு தூரம் போவணும்?"

அப்போதுதான் பூவராகவனுக்கு அந்தப் புத்தகம் ஞாபகம் வந்தது. அலுவலகத்தில் சேஷு என்று ஒரு சிநேகிதர், பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைப் படிக்கக் கொடுத்திருந்தார். அட்டையும் இல்லை, முதல் இருபது பக்கமும் இல்லை. மிச்சம் இருந்ததில் டில்லியைப் பற்றி நிறைய எழுதியிருந்தது. சாந்தினி சௌக்கின் நடுவே தெளிந்த வாய்க்கால் ஓடுகிறது, இரண்டு கரையிலும் மரங்கள், நடுவில் ஒரு குளம், அந்தக் குளத்தில் நிலா விழும், அதனால்தான் நிலவுச் சதுக்கம் என்று பேர்.

"யமுனை எதுக்கு? சாந்தினி சௌக்கில வாய்க்கால் ஓடுது" என்றார்.

"நடு ரோட்டுலயா?"

"ஷாஜஹான் காலத்தில வெட்டினது. ராஜ வாய்க்கால்."

"தண்ணி இருக்குமா?"

"ஆகஸ்ட் மாசம். ததும்பிக்கிட்டு இருக்கும்."

ததும்பிக்கொண்டு என்று சொல்லும்போது கையால் வேறு காட்டினார். இந்திராணி நம்பிவிட்டாள்.

ஞாயிறு காலை ஆறு அடுக்கு டிபன் கேரியர் தயார். புளி சாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல், மேல் அடுக்கில் காப்பரிசி. மஞ்சள் பையில் வெற்றிலை, பூ, கற்பூரம், புதுத் தாலிக்கயிறு, அக்காள் தபாலில் அனுப்பியிருந்த காதோலை கருகமணி. மகளைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டெலிவிஷனை விட்டுவிட்டு வாய்க்கால் பார்க்க வருகிற வயசில்லை அவளுக்கு. பக்கத்து வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

போன வருஷம் நகரத்தில் குண்டுகள் வெடித்ததிலிருந்து பஸ்களில் சீட்டுக்கு அடியில் பார்க்கச் சொல்லி எழுதி ஒட்டியிருந்தார்கள். இந்திராணி கேரியரைச் சீட்டுக்கு அடியில் தள்ளியதும் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் எழுந்தார். கண்டக்டர் வந்து, "பெஹன்ஜி, டப்பாவைத் திறங்க" என்றார். முதல் அடுக்கைத் திறந்தாள், காப்பரிசி. போதாதென்று இரண்டாவதையும் திறக்கச் சொன்னார். புளி சாதத்தின் பெருங்காயம் பஸ்ஸைச் சுற்றி வந்தது. "அச்சா" என்று ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு கண்டக்டர் டிக்கெட் கிழித்தார்.

செங்கோட்டைக்கு எதிரே இறங்கினார்கள். நேர் எதிரே சாந்தினி சௌக் நீண்டு கிடந்தது. வாராந்திர விடுமுறை, கடைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. கூட்டம் இல்லை, ஆகவே ஜேப்படியும் இருக்காது என்று பூவராகவன் கணக்குப் போட்டிருந்தார். அலுவலகத்துக்குப் போடுகிற புதுத் தோல் ஷூ போட்டிருந்தார். ரோட்டின் தலைப்பில் நின்று நடுப்பகுதியைக் கூர்ந்து பார்த்தார். ஓர் இரும்புக் கிராதி தெரிந்தது. அதில் சாய்ந்து தூங்கும் ரிக்ஷாக்காரர் ஒருவர் தெரிந்தார். ஒரு மாடும் தெரிந்தது.

"வாய்க்கா எங்கங்க?"

"உள்ள போகணும். இங்க ஆரம்பிக்காது."

உள்ளே போனார்கள். பூவராகவன் யாரையும் கேட்கவில்லை. வழி தெரிந்தவர் எப்படிக் கேட்பார்? இந்திராணிதான் ஒரு பீடாக் கடைக்காரரிடம், "பையா, நஹர் கிதர் ஹை?" என்று கேட்டாள். நஹர் என்றால் வாய்க்கால்; காய்கறிக்காரரிடம் கற்ற ஹிந்தி அது.

"நஹரா?" பீடாக்காரர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே யோசித்தார். "நேராகப் போங்கள். ஃபவாராவில் கேளுங்கள்."

ஃபவாரா என்றால் நீரூற்று. தண்ணீர் நெருங்கிவிட்டது என்று பூவராகவன் நிமிர்ந்து நடந்தார். நீரூற்று இருந்தது. கல்லில் அழகாகக் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தொட்டி ஓரத்தில் ஒருவர் துண்டை விரித்துப் படுத்திருந்தார். அவரிடம் கேட்டால், கண்ணைத் திறக்காமலே, "கண்டாகரில் கேளுங்கள்" என்று கையை நீட்டினார்.

கண்டாகர் என்றால் மணிக்கூண்டு. மணிக்கூண்டை அண்ணாந்து தேடிக்கொண்டே இருவரும் ஃபதேபுரி மசூதி வரைக்கும் போய்விட்டார்கள். திரும்பி வந்தார்கள். மறுபடியும் தேடினார்கள். கடைசியில் டீ விற்கிற கிழவர் ஒருவர், "அதில்தான் நிற்கிறீர்கள்" என்றார்.

"மணிக்கூண்டு?"

"அது இடிந்து விழுந்து முப்பது வருஷத்துக்கு மேலே ஆகிறது."

"பின்னே ஏன் இன்னும் கண்டாகர்னு சொல்றீங்க?" என்று இந்திராணி கேட்டாள்.

"வேறு என்ன சொல்வது? கண்டாகர் இருந்த இடம்தானே?"

இந்திராணிக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. டீயைக் குடித்துக்கொண்டே மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். தான் குடியிருக்கிற மோதி பாக்கிலும் முத்தும் இல்லை, தோட்டமும் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

பூவராகவனை ஷூ கடிக்க ஆரம்பித்திருந்தது. இந்திராணியின் காலில் ரப்பர் செருப்பு. அவள் கால் அவளைக் கேட்காமலே ஒரு சந்துக்குள் திரும்பியது. அவர், "அங்க இல்ல, அங்க இல்ல" என்று சொல்லிக்கொண்டே நொண்டி நொண்டிப் பின்னால் போனார்.

சந்துக்குள் நுழைந்ததும் வெயில் நின்றுவிட்டது. கடைகள் மூடியிருந்ததால் பார்வை தானாக மேலே போயிற்று. கடைகளுக்கு மேலே வேறோர் ஊர் இருந்தது. கல்லில் பூ செதுக்கிய மாடங்கள், நீலச் சாயம் உரிந்த ஜன்னல்கள், ஒன்றையொன்று முட்டாமல் முட்டுகிற உப்பரிகைகள். இந்த வீட்டுக்காரி எதிர்வீட்டுக்காரியிடம் ஜன்னல் வழியாகவே கத்தரிக்காய் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாடி உப்பரிகையிலிருந்து ஓர் ஆடு கீழே எட்டிப் பார்த்தது. அது எப்படி ஏறியது என்று இந்திராணி நின்று யோசித்தாள். மொட்டை மாடிகளிலிருந்து பட்டங்கள் கிளம்பியிருந்தன. சுதந்திர தினம் நெருங்குகிறதே. இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்குத் தெரிந்த வானத்தில் ஒரு சிவப்புப் பட்டம் குறுக்கே போனது. கண்ணுக்குத் தெரியாத மாடியில் எதிரியின் பட்டத்தை அறுத்த யாரோ "காட்டா!" என்று கத்தினார்கள்.

சந்து சுருங்கிக்கொண்டே போய் ஓர் இடத்தில் ஓர் ஆள் அகலம் ஆயிற்று. எதிரே ஒரு பருமனான அம்மாள் பால் தூக்கோடு வந்தாள். இந்திராணியிடம் ஆறு அடுக்குக் கேரியர். யார் ஒதுங்குவது? இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பக்கவாட்டில் திரும்பினார்கள். தூக்கும் கேரியரும் முட்டிக்கொண்டன. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பூவராகவன் தம்முடைய தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்று வழிவிட்டார். அதற்கப்புறம் சந்து இடது பக்கம் திரும்பி, வலது பக்கம் திரும்பி, ஒரு வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட டீக்கடைக்குப் பின்புறமாகவே கொண்டு வந்து விட்டது. இந்திராணி இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டாள். பூவராகவன் ஒரு கடைப் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

அந்தக் கடை ஒன்றுதான் அந்த வரிசையில் திறந்திருந்தது. பித்தளைக் குழல்கள் மாலை மாலையாகத் தொங்கின. கல்யாண ஊர்வலத்துக்கு வாசிக்கிற பேண்டுக் கடை. ஆஷாடம் வந்தால் நாலு மாசம் டில்லியில் ஹிந்துக் கல்யாணங்கள் கிடையாது. ஆகவே பேண்டு மாஸ்டர் சுபராத்தி, லுங்கிக்கு மேலே பனியனோடு உட்கார்ந்து ஒரு கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயசிருக்கும். மருதாணி பூசிய மீசை. உள்ளே அவருடைய ஆட்கள் நாலு பேர் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யார் வீட்டுக் கல்யாணம்?" என்று மாஸ்டர் ஆவலாக எழுந்தார்.

"கல்யாணம் இல்லை பாய்சாப். நஹர் தேடி வந்தோம்" என்றாள் இந்திராணி.

"நஹரா? வந்துவிட்டீர்களே. இதோ, எதிரே இருக்கிறது."

பூவராகவன் ஒற்றை ஷூவோடு எழுந்தார். "பாத்தியா? நான் சொன்னேன்ல?"

மாஸ்டர் ரோட்டுக்கு இறங்கி வந்து நடுவில் நின்று, காலால் தரையை மூன்று தட்டுத் தட்டினார். "இதற்குக் கீழே. மூடி நூறு வருஷத்துக்கு மேலே ஆகிறது. என் தாத்தாவின் அப்பா இதில் கை கழுவியிருக்கிறார்."

 பூவராகவன் அட்டையில்லாத அந்தப் புத்தகத்தை நினைத்துக்கொண்டார். தொலைந்த இருபது பக்கத்தில் எந்த வருஷத்துப் புத்தகம் என்று போட்டிருக்கும்.

"நீங்க நூறு வருஷம் லேட்டுங்க" என்றாள் இந்திராணி. சொல்லிவிட்டு, பஸ்ஸிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வர, கேரியரைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பூவராகவன் முதலில் முறைத்தார். அப்புறம் அவருக்கும் உதடு கோணியது.

எதற்காகத் தேடினார்கள் என்று மாஸ்டர் கேட்டார். இந்திராணி தனக்குத் தெரிந்த ஹிந்தியில் விவரமாகச் சொன்னாள். எங்கள் ஊரில் ஆற்றில் புதுத் தண்ணீர் வரும் நாள். ஆற்றைப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணாக நினைத்து, விதவிதமாகச் சோறு ஆக்கிக் கொண்டுபோய்க் கொடுப்போம். வளையல், கருகமணி கொடுப்போம். மாஸ்டர் கேட்டுக்கொண்டே நின்றார். அவர் கண் கேரியரின் அடுக்குகளை எண்ணிற்று.

"எங்கள் நஹருக்குச் சோறு கொண்டு வந்தீர்களா?" என்றார். குரல் மாறிவிட்டது. "மூடினதிலிருந்து ஒருவரும் வந்ததில்லை. சும்மா திருப்பி அனுப்பினால் டில்லிக்கு அவமானம். நில்லுங்கள்." சந்துப் பக்கம் திரும்பி, "ஷகூர்! அரே ஷகூர்!" என்று ஊதுகுழல் மாதிரிக் குரல் கொடுத்தார்.

ஷகூர் ஒரு பிஷ்டி. தோல்பையில் தண்ணீர் சுமந்து விற்கிறவர். ஒரு முழு ஆட்டுத்தோலைத் தைத்து, அதில் தண்ணீர் நிரப்பி, இடுப்பில் வளைத்து மாட்டிக்கொண்டு வந்தார். அந்தத் தண்ணீரை ரோட்டு நடுவில் ஊற்றி வாய்க்கால் விடுவதுதான் மாஸ்டரின் திட்டம்.

பூவராகவன் இந்திராணியின் காதருகே குனிந்தார். "தோல் பை. இதுல பூஜை பண்ணலாமா?"

"எங்க ஊர்ல மாடு கட்டி எறைக்கிற கவலை ஏத்தத்துல தோல் வழியாத்தான தண்ணி வருது. அத வுட்டுத்தான நெல்லு வெளையுது? சும்மா இருங்க."

கண்டாகரில், அதற்கும் முன்னே குளம் இருந்த இடத்தில், ரோட்டின் சரி நடுவில் நின்று ஊற்றச் சொன்னார் மாஸ்டர். ஷகூர் தலையாட்டவில்லை. "இங்கே ஊற்றினால் ஓரத்துக்கு ஓடும். சரிவு அந்தப் பக்கம்" என்றார்.

"நஹர் நடுவில்தான் ஓடியது. பாதுஷா வெட்டினது."

"பாதுஷா சொன்னால் தண்ணீர் கேட்காது, மாஸ்டர். சரிவு சொன்னால்தான் கேட்கும்."

மாஸ்டர் கேட்கவில்லை. முதல் பை நடுவில் ஊற்றப்பட்டது. தண்ணீர் அரை நிமிஷம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, பிறகு சரேலென்று ஓரத்துக்கு ஓடிச் சாக்கடையில் விழுந்தது. இந்திராணி அப்போதுதான் தீக்குச்சியைக் கிழித்திருந்தாள்.

மறுபடி நிரப்பிக்கொண்டு வந்த இரண்டாவது பைக்கு ஷகூர் தாமே இடம் பார்த்தார். அங்கே குனிந்து பார்த்தார், இங்கே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு, "தயாரா?" என்று கேட்டுவிட்டுப் பையின் வாயைத் திறந்தார்.

தண்ணீர் ஓடியது. நாலு விரல் அகலத்தில், வெயிலில் மினுங்கிக்கொண்டு, ஒரு வளைவு வளைந்து அழகாக ஓடியது. இந்திராணி கூடவே ஓடினாள். மஞ்சள் குங்குமத்தைத் தூவிக்கொண்டு, பூவைப் போட்டுக்கொண்டு, குனிந்த வாக்கிலேயே ஓடினாள். பூவராகவன் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் காலுறையுமாகக் கேரியரைத் திறந்து பிடித்தபடி பின்னால் ஓடினார். அவள் கையை நீட்டும்போதெல்லாம் ஓர் அடுக்கிலிருந்து ஒரு கவளம் எடுத்துக் கொடுத்தார். "புளி! எலுமிச்சை! இரு, தேங்காய் வருது!" காதோலை கருகமணி தண்ணீரில் ஓர் அடி மிதந்து போயிற்று. வெற்றிலையில் வைத்த கற்பூரம் இரண்டு சாண் பயணம் செய்து, நிறுத்தி வைத்திருந்த ஒரு சைக்கிளின் சக்கரத்தில் இடித்து நின்றது. அங்கேயே எரிந்தது. ரிக்ஷாக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். கடை வாசல்களில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள். "ஓரம், ஓரம், நஹருக்கு வழி விடுங்கள்" என்று மாஸ்டர் கூட்டத்தை விலக்கினார்.

"கயிறு, கயிறு!" என்றாள் இந்திராணி. "தண்ணி நிக்கிறதுக்குள்ள."

ஊரில் என்றால் மூத்த சுமங்கலி யாராவது கட்டிவிடுவார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? பூவராகவனே புதுக்கயிற்றை எடுத்தார். நடு சாந்தினி சௌக்கில், வேடிக்கை பார்க்கிற அத்தனை பேர் முன்னிலையில், நெற்றி வியர்வை வழிய, மனைவியின் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டார்.

கூட்டத்தில் தமிழ்ப்படம் பார்த்தவர் யாரோ இருந்திருக்க வேண்டும். "ஷாதி! ஷாதி!" என்று ஒரு குரல் கிளம்பியது. அவ்வளவுதான். மூன்று வாரமாக வேலையில்லாமல் கிடந்த பேண்டுக்காரர்களுக்குக் கல்யாணம் என்கிற அந்த ஒரு சொல் போதும். ஒருவர் டோலைக் கழுத்தில் மாட்டினார். ஒருவர் பெரிய குழலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வந்தார். மாஸ்டர் கையில் கிளாரினெட் எப்படி வந்தது என்று தெரியவில்லை. மாப்பிள்ளை குதிரையில் வரும்போது வாசிக்கிற பாட்டு கணீரென்று எழுந்தது. ரிக்ஷாக்காரர்கள் தோளை ஆட்ட ஆரம்பித்தார்கள். முன்பின் தெரியாத ஒரு சர்தார்ஜி வந்து பூவராகவனைக் கட்டிக்கொண்டு, "முபாரக் ஹோ!" என்றார்.

சத்தம் கேட்டு ஒரு போலீஸ்காரர் வந்தார். புது மஞ்சள் கயிற்றோடு நிற்கிற பெண்ணைப் பார்த்தார். ஒற்றை ஷூவோடு நிற்கிற ஆணைப் பார்த்தார்.

"ஓடி வந்து கல்யாணமா?" என்றார் பூவராகவனிடம்.

"கல்யாணம் ஆகிப் பதிமூணு வருஷம் ஆச்சு."

"யாருடன்?"

"இவளோடதான்."

"பிறகு ஏன் இன்னொரு முறை?"

பூவராகவன் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குப் பதில் வரவில்லை. இந்திராணிதான் முன்னால் வந்து, "இன்று நஹரில் தண்ணீர் வந்த நாள். பிரசாதம் சாப்பிடுங்கள்" என்று ஒரு வெற்றிலையில் சர்க்கரைப் பொங்கலை வைத்து நீட்டினாள். போலீஸ்காரர் ரோட்டைப் பார்த்தார். தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. நடு ரோட்டில் மஞ்சளும் பூவும் சோறுமாக இருபது அடிக்கு ஒரு கோடு. ஏதோ கேட்க வந்தவர், கேட்காமல் பொங்கலை வாயில் போட்டுக்கொண்டார். முந்திரிப் பருப்பு வந்தது. "அச்சா ஹை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மிச்சச் சோற்றைப் பேண்டுக் கடையில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். ஷகூருக்குத் தயிர் சாதம் பிடித்தது. மாஸ்டருக்குப் புளி சாதத்தில் ஒரு சந்தேகமும் கூடவே ஒரு காதலும் உண்டாயிற்று. இது வெறும் சாதமா, மருந்தா என்று கேட்டுக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். சத்தம் கேட்டு மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த அவருடைய மனைவி ஹமீதா, ஷூ கடித்த இடத்துக்கு மஞ்சளும் எண்ணெயும் கொண்டு வந்து கொடுத்தாள். புறப்படும்போது அவள் இந்திராணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கடை மூடின நாளில் வந்துவிட்டீர்கள். திறந்திருக்கிற நாளில் வாருங்கள். ஆண்பிள்ளைகளை விட்டுவிட்டு வாருங்கள். அவர்கள் நிற்க விட மாட்டார்கள்."

இரண்டாம் சனிக்கிழமை இந்திராணி தனியாகப் பஸ் ஏறினாள். அதற்கடுத்த மாதமும் ஏறினாள். அப்புறம் மாதத்துக்கு இரண்டு தடவை ஆயிற்று. ஹமீதா பர்தாவுக்குள்ளே வேகமாக நடப்பாள். இந்திராணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடப்பாள். கல்யாணப் பத்திரிகை மட்டும் விற்கிற சந்து, மூக்குக் கண்ணாடி மட்டும் விற்கிற சந்து, ஜரிகை மட்டும் விற்கிற சந்து. எதுவும் வாங்குவதில்லை. நின்று பார்ப்பது, விலை கேட்பது, சிரிப்பது, நடப்பது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடப்பதில் இத்தனை சுகம் இருக்கிறதென்று யாரும் தன்னிடம் சொன்னதில்லையே என்று இந்திராணிக்கு ஆதங்கம். அந்த ஆடு எப்படி மாடி ஏறியது என்றும் தெரிந்தது. குட்டியாக இருக்கும்போது தூக்கிக்கொண்டு போனார்களாம். இப்போது இறக்க முடியவில்லையாம்.

வாய்க்கால் எங்கிருந்து வந்தது, எங்கே திரும்பியது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை. டவுன் ஹாலுக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்தின் வழியாக வந்தது என்று ஹமீதா. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு எப்படி வரும் என்று இந்திராணி. கொள்ளிடக்கரைக்காரியிடம் வாய்க்கால் விஷயம் பேச முடியுமா? கையில் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய் அங்கங்கே ஊற்றிப் பார்த்துச் சரிவு கண்டுபிடித்தாள். கடைக்காரர்கள் முதலில் திட்டினார்கள். பிறகு அவளுக்கு "நஹர்வாலி" என்று, வாய்க்கால்காரி என்று, பேர் வைத்து, அவள் வந்தால் தாங்களே சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள்.

மோதி பாக்கில் செய்தி பரவியது. அடுத்த வருஷத்துக்குள் நாலைந்து தமிழ்ப் பெண்கள் அவளோடு வர ஆரம்பித்தார்கள். பூவராகவன் அலுவலகத்தில், தாம்தான் வேண்டுமென்றே அவளை அங்கே அழைத்துப்போய்ப் பழக்கினதாகச் சொல்லிவந்தார். அதை நம்பி ஒரு மேலதிகாரி, மதராஸிலிருந்து வந்த தம் மாமனாருக்குப் பழைய டில்லியைக் காட்டச் சொன்னார். பூவராகவன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு ஒரு சந்துக்குள் நுழைந்து, அதே வேப்பமரத்தை ஐந்து தடவை சுற்றினார். ஐந்தாவது தடவை மாமனாரே, "இந்த மரத்துக்கு ஏதாவது ஸ்தல விசேஷம் உண்டா?" என்று கேட்டார். பூவராகவன் உண்டு என்றார். மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

எண்பத்தெட்டாம் வருஷம் பிப்ரவரியில், இந்திராணிக்கு ஓர் எண்ணம் வந்தது. பஸ்ஸே ஏறாமல், வீட்டிலிருந்து சாந்தினி சௌக் வரைக்கும் நடந்தே போய்விட்டால் என்ன? பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும் என்றார் பூவராகவன். ஏழுதான் இருக்கும் என்று திருத்திக்கொண்டார். அவள் காலை ஆறரைக்குப் புறப்பட்டாள். தூதரகங்களின் அகல ரோட்டில் பனி இன்னும் விலகவில்லை. கோல் மார்க்கெட்டில் ஒரு டீ, கன்னாட் பிளேஸில் ஒரு கொய்யாப்பழம். மிண்டோ பாலத்துக்குக் கீழே வந்தபோது மேலே ரயில் போயிற்று. தலையில் விழுந்துவிடும்போல் இருந்தது, நின்று கேட்டாள். அஜ்மேரி கேட்டைத் தாண்டி, பேரில் தவிரக் கிணறு இல்லாத லால் குவானைத் தாண்டி, மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே ஃபதேபுரி வந்து, பேண்டுக் கடை வாசலில் நின்றபோது பதினொன்றே கால்.

ஹமீதா அன்றைக்கு நாலு சந்துகள் காட்டுவதாக வைத்திருந்தாள். ஒன்றில் புதிதாக ஒரு பழைய படிக்கிணறு கண்டுபிடித்திருந்தாள். "ஒரு நிமிஷம் காலை நீட்டிக்கொள்கிறேன்" என்று சொல்லி இந்திராணி மாடியில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தாள். கல்யாண சீசன். கீழே மாஸ்டரின் ஆட்கள் மாலை ஊர்வலத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். டோல் இடித்தது, குழல்கள் பிளிறின, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இந்திராணி அசையவில்லை. ஹமீதா இரண்டு தடவை வந்து பார்த்துப் போர்வையை இழுத்துவிட்டாள்.

நாலு மணிக்கு அவளை அழைத்துப்போகப் பூவராகவன் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோதுதான் அவள் எழுந்து உட்கார்ந்தாள். கட்டில் கயிறு கன்னத்தில் பதிந்திருந்தது.

"என்னெல்லாம் பாத்தே?" என்றார் அவர்.

"ஒண்ணும் பாக்கல. ஆனா நடந்து வந்தேன்" என்றாள். பிறகு ஹமீதாவைப் பார்த்து, "படிக்கிணறு எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினாள்.